அப்பாவின் மொய் நோட்டு: ஆறு நாள் ஆடிப் பயணம்

முதல் நாள், பேராவூரணி

சென்னை கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் ஏறி விடியற்காலையில் பேராவூரணியில் இறங்கினேன். பையில் ரெண்டு வேட்டி, பிரஷர் மாத்திரை, மஞ்சப்பையில் சுற்றிய ஒரு நோட்டு. சிவப்பு அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு அது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. இடப்பக்கம் 'வந்தது', வலப்பக்கம் 'செய்தது'. அப்பா போன மார்கழியில் காலமானார். காரியம் முடிந்த மறுநாள் சித்தப்பா என்னிடம் கொடுத்தது இதைத்தான். "நிலப் பத்திரம் அப்புறம் பார்த்துக்கலாம். இதை மொதல்ல பத்திரமா வை."

ஆடி என்றால் தமிழ்நாடு முழுக்கக் கல்யாண மண்டபத்துக்குப் பூட்டு. இங்கே அப்போதுதான் சீசன். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஃபிளெக்ஸ்: 'மாபெரும் மொய் விருந்து விழா'. கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. விருந்து வைப்பதே மொய் வாங்கத்தான் என்று போர்டு போட்டுச் சொல்கிற ஊர். பேராவூரணி தஞ்சாவூர் மாவட்டம், பக்கத்து கீரமங்கலம், வடகாடு எல்லாம் புதுக்கோட்டை மாவட்டம். ஆனால் மொய்க்கு மாவட்ட எல்லை கிடையாது.

விவரம் தெரியாதவர்களுக்கு. அஞ்சு வருசம் முன்னால் என் விருந்துக்கு நீங்கள் ஆயிரம் ரூபாய் எழுதினீர்கள். இப்போது உங்கள் விருந்து. நான் வந்து சாப்பிட்டுவிட்டு ரெண்டாயிரம் எழுதுவேன். ஆயிரம் பழசு, மீதி ஆயிரம் புதுநடை. என் அடுத்த விருந்தில் அந்தப் புதுநடையை நீங்கள் திருப்புவீர்கள், மேலே கொஞ்சம் போட்டு. வாங்கியதை மட்டும் வைத்துவிட்டு எழுந்தால் உறவு முடிந்தது என்று பொருள். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. வந்த பணத்தில் போர் போடுவார்கள், தென்னந்தோப்பு வாங்குவார்கள், பையனை சிங்கப்பூர் அனுப்புவார்கள்.

முப்பத்திரண்டு வருசம் கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று பேர் ஜாமீன் கையெழுத்து போட்ட கடன் வாராக்கடன் ஆனதையெல்லாம் பார்த்தாயிற்று. அதனால் இந்த நோட்டை ஒரு தணிக்கைக்காரனின் சந்தேகத்தோடுதான் படித்தேன். ரெண்டு ராத்திரி உட்கார்ந்து கூட்டினேன். நாங்கள் திருப்ப வேண்டியவர்கள் 43 பேர். அதில் இந்த ஆடியில் விருந்து வைப்பவர்கள் ஒன்பது பேர், பாக்கி ரூ. 31,500. அப்பாவின் கணக்கில் பிழை இல்லை.

ஒரே ஒரு வரி மட்டும் உறுத்தியது. 1989, அக்கா கல்யாணம். 'கிணறு வெட்டுறவர், தெற்குத்தெரு, ரூ. 21.' எதிர்ப்பக்கம் காலி. மற்ற வரிகளில் ஊர், வீட்டுப்பெயர், தகப்பனார் பெயர் எல்லாம் உண்டு. இதில் ஆள் பெயரே இல்லை. பென்சிலால் வட்டம் போட்டு வைத்தேன்.

இரண்டாம் நாள், மண்டபத்தில்

ஒரு மண்டபம், இருபத்திரண்டு பேர் சேர்ந்து விருந்து. செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆளுக்கு ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் பெயர் எழுதிய பேனர், பக்கத்தில் பணம் போட ஒரு எவர்சில்வர் அண்டா. வாசலிலேயே கையைப் பிடித்து இழுக்கிறார்கள்: "மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் எழுதலாம்." இந்த வரிசை மாறாது. சாப்பிடாமல் எழுதினால் விருந்து வைத்தவருக்கு அவமானம்.

ஆட்டுக்கறிக் குழம்பு, சோறு, ரசம். ரெண்டாம் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் வயதுக்கு மூன்று கரண்டி குழம்பு அதிகம் என்று தெரியும். பரிமாறிய பையனுக்குத் தெரியாது. பழியை அவன் மேல் போட்டுவிட்டேன்.

எங்கள் உறவில் மாமா முறை ஆகிறவரின் மேசைக்குப் போனேன். முன்பு இந்த இடத்தில் மைக்கூடும் பெரிய நோட்டும் இருந்தது ஞாபகம். இப்போது லேப்டாப், ரசீது அடிக்கும் சின்ன மெஷின், நோட்டு எண்ணும் மெஷின். லேப்டாப்பில் ஒரு இளைஞன். அவன் பக்கத்தில் எண்பது வயதுக் கிழவர் ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தார். முதலில் எனக்குப் புரியவில்லை. பத்து நிமிடம் நின்று பார்த்த பிறகுதான் பிடிபட்டது. ஒரே ஊரில் ஒரே பெயரில் ஆறேழு பேர் இருக்கிறார்கள், தகப்பனார் பெயரும் சில சமயம் ஒன்று. அப்போது பட்டப்பெயர்தான் வழி. ஆளை எதிரில் வைத்துக்கொண்டு 'நீங்கதானே தவக்களை?' என்று கேட்க முடியுமா? கிழவர் இளைஞன் காதில் கிசுகிசுக்கிறார், அவன் முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொண்டு தட்டுகிறான். சாஃப்ட்வேரில் 'பட்டப்பெயர்' என்றே ஒரு கட்டம் இருக்கிறது. ரசீதில் மட்டும் அது அச்சாகாது.

எங்கள் அப்பா பட்டப்பெயர் என்ன என்று கேட்டேன். கிழவர் சிரித்தார், சொல்லவில்லை.

மேசையில் கியூ.ஆர். அட்டையும் இருந்தது. நான் நின்ற அரைமணி நேரத்தில் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் மாறி மாறி பணம் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் இளைஞன் ஊர் பெயர் கேட்டு போன் போட்டான்.

"ஆள் வராம காசு வந்தா அதுக்குப் பேரு மொய்யா?" என்றார் கிழவர்.

"காசு வந்துருச்சுல்ல தாத்தா, அப்புறம் என்ன?"

மாமாவுக்குப் பழசு நாலாயிரம் இருந்தது. ஆறாயிரம் எழுதினேன். ரசீதில் அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று போடட்டுமா என்று கேட்டான் பையன். வேண்டாம் என்றேன்.

மூன்றாம் நாள், சித்தப்பாவின் தோப்பு

மிச்ச மொய்களை எழுதி முடித்துவிட்டு தோப்பில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தேன். இந்தத் தோப்பில் பெரிய மரமே கிடையாது, எல்லாம் ஒரே வயதுத் தென்னம்பிள்ளைகள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி இந்த வழியாகத்தான் போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம் என்று தென்னையை நம்பின பூமி மொத்தமும் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டது. அரசாங்கம் மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது: இழப்பீடு 600, விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த 500. சித்தப்பா அந்த 500ஐ இன்னும் மறக்கவில்லை. "பெத்த புள்ளைய எரிக்கக் கூலி குடுத்த மாதிரி."

மறு ஆடியில் அவர் விருந்து வைக்க வேண்டிய முறை. எப்படி வைப்பது? திருப்ப வேண்டியவன் தோப்பும்தானே விழுந்தது. ஊரில் பலர் தள்ளிப் போட்டார்கள். சித்தப்பா வைத்தார். கறி இல்லை, சாம்பார் சோறு. ரெண்டாயிரம் திருப்ப வேண்டியவர்கள் இருநூறு வைத்துவிட்டு "மிச்சம் அடுத்த நடைக்கு" என்றார்களாம். வராமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று தணிக்கைக்காரக் குணத்தோடு கேட்டேன்.

"வராமயா? ஒருத்தன்கூட இல்ல. வராம இருந்தா ஊருக்குள்ள எப்புடிப் போவான்?"

நோட்டைக் காட்டினார். பாதித்தொகை, கால்தொகை, ஆனால் எல்லாப் பெயரும் இருந்தது. பணம் வற்றிய வருசத்திலும் பெயர் வற்றவில்லை. அந்தச் சமயத்தில் இந்தப் பக்கத்து டீக்கடைக்காரர் ஒருவர், வாடிக்கையாளர்களின் கடன் பாக்கி எல்லாம் தள்ளுபடி என்று கடையில் எழுதிப் போட்டது பத்திரிகைகளில் வந்தது. அவரே பிற்பாடு கொரோனா நிவாரண நிதிக்காக 'டீ மொய் விருந்து' வைத்தார். டீ குடித்துவிட்டு இஷ்டப்பட்டதைப் போட்டுவிட்டுப் போகலாம், யார் எவ்வளவு என்று எழுதுவதில்லை. மொய் ஊரில் பெயர் எழுதாத மொய்! சித்தப்பாவுக்கு அது இன்னும் ஜீரணமாகவில்லை. "எழுதாட்டி அது தர்மம், மொய் இல்ல" என்கிறார்.

நாலாம் நாள், பெரிய குளம்

மகள் சமூகவியல் எம்.ஏ. படிக்கிறாள். நான் அனுப்பிய போட்டோக்களைப் பார்த்துவிட்டு காலையிலேயே கூப்பிட்டாள்.

"அப்பா, இதுதான் சமூக மூலதனம். ராபர்ட் புட்னம்னு ஒரு ஹார்வர்டு பேராசிரியர். இத்தாலில 1970ல மாநில அரசுகள் ஆரம்பிச்சப்போ எது நல்லா நடந்துச்சு, எது நடக்கலைன்னு வருசக்கணக்கா பார்த்தாரு. பாட்டுக்குழு, ஃபுட்பால் கிளப்னு ஜனங்க கூடிப் பழகுற ஊர்லதான் அரசாங்கமும் ஒழுங்கா நடந்துச்சாம்."

"இங்க கறிச்சோறு."

"ஜோக் அடிக்காதீங்க. அவர் ரெண்டு வகை சொல்றாரு. ஒரே மாதிரி ஆளுங்களுக்குள்ள இருக்குற பிணைப்பு ஒண்ணு. வேற வேற ஆளுங்களுக்கு நடுவுல பாலம் போடுறது இன்னொண்ணு. உங்க நோட்டு எந்த வகை?"

போனை வைத்துவிட்டு பைக்கில் பெரிய குளத்துக்குப் போனேன்.

மேட்டூர் அணையோடு சேர்த்து 1934இல் முடித்த கல்லணைக் கால்வாயை இங்கே புது ஆறு என்பார்கள். அதன் வாலில் தொங்குகிற ஊர் பேராவூரணி. கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்ததாக டிவியில் பூத்தூவுவார்கள். இங்கே வந்து சேர்வதற்குள் மேல்மடைக்காரன் நாற்று நட்டிருப்பான். வந்த தண்ணீரைத் தேக்கவும் குளம் தூர்ந்து கிடந்தது. 564 ஏக்கர் குளம், பாதி கருவேலங்காடு.

கஜாவுக்கு மறு வருசம் இளைஞர்கள் சிலர் கூடினார்கள். சென்னையில், வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள், புயல் நிவாரணத்துக்கு வந்து திரும்பிப் போகாதவர்கள். கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம், சுருக்கமாக 'கைஃபா'. உண்டியல் குலுக்கினார்கள், சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பணம் வந்தது, பொக்லைனை இறக்கிக் குளத்தைத் தூர்வாரினார்கள். பிறகு வேறு ஊர்க் குளங்களுக்கும் போனார்கள்.

கரைமேல் நின்றேன். தண்ணீர் கிடந்தது, நடுவே மண்திட்டில் மரங்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம், நீங்களும் காசு கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

"அம்பது ரூவா குடுத்தேன். ரசீது குடுத்தாங்க. எங்க வச்சேன்னு தெரியல."

மொய் ரசீதை இந்த ஊரில் யாராவது தொலைத்ததாகச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. திரும்பி வராத பணத்தின் ரசீதை வைத்திருந்து என்ன செய்ய என்று அவர் நினைத்திருக்கலாம். தண்ணீர் எந்த வயலுக்குப் பாய்கிறது என்று நோட்டைப் பார்த்துப் பாய்வதில்லை. எனக்கு இந்தக் குளம் மகள் சொன்ன பாலமாகப் பட்டது. ஆனால் அந்தப் பணத்தைத் திரட்டியதும் இந்த மொய் ஊர்ப் பழக்கம்தான் என்று தோன்றுகிறது. கேட்டால் கொடுக்க வேண்டும், பொதுவில் கொடுக்க வேண்டும் என்பது கையில் ஊறியிருக்கிறது. நிரூபிக்க என்னிடம் வவுச்சர் இல்லை.

அஞ்சாம் நாள், நெடுவாசல், வடகாடு

நெடுவாசலில் நாடியம்மன் கோயில் திடலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். 2017 பிப்ரவரியில் மண்ணுக்கடியில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு ஒப்புதல் என்று செய்தி வந்ததும் இந்தத் திடல்தான் நிரம்பியது. சுற்றுப்பட்டு ஊர்கள் முறை வைத்து வந்து உட்கார்ந்தன, அடுப்பு மூட்டி அங்கேயே சமைத்தார்கள். அப்பாவும் ஒருநாள் போய்வந்து போனில் சொன்னார்: "எல்லாத் தெரு ஆளும் ஒரே பந்தியிலடா." எழுபத்தெட்டு வயதில் அவர் முதல் தடவையாகப் பார்த்த காட்சி அது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இந்த மாதிரித் திட்டங்களைத் தடுக்க 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் இந்தத் திருவரங்குளம் ஒன்றியமும் சேர்ந்தது.

அங்கிருந்து வடகாடு. இங்கே பெரிய பெரிய மொய் விருந்து நடக்கும். 2025 மே மாதம் முத்துமாரியம்மன் கோயில் தேர்த்திருவிழா நேரத்தில் இந்த ஊர் வேறு காரணத்துக்காகச் செய்தியில் வந்தது. மோதலில் பட்டியல் சாதி மக்கள் குடியிருப்பில் வீடு எரிந்தது, வண்டிகள் நொறுங்கின, பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பெட்ரோல் பங்கில் கிளம்பிய தகராறு என்றது போலீஸ். விசயம் ஹைகோர்ட் வரை போனது. நான் போனபோது அது நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இதே மாவட்டத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது. 2022 டிசம்பரில் பட்டியல் சாதி மக்களின் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்த ஊர். விசாரிக்கப் போன கலெக்டர் பக்கத்து இறையூரில் இரட்டைக் குவளையையும் பூட்டிய கோயில் கதவையும் கண்டார். சி.பி.சி.ஐ.டி. 2025 ஜனவரியில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை.

ஆக, வட்டியில்லாமல் பத்திரமில்லாமல் லட்சக்கணக்கில் நம்புகிற ஊரும் இதுதான், குவளையை நம்பாத ஊரும் இதுதான். நம்பிக்கைப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. நம்பிக்கைக்கு இங்கே வேலி இருக்கிறது. இன்னும் கசப்பாகச் சொன்னால், வேலிக்குள் ஒற்றுமை உரமாக இருப்பதால்தான் வேலியும் உரமாக இருக்கிறது. ஒரு அழைப்பில் ஆயிரம் பேர் விருந்துக்கு வருகிற அதே நூலைப் பிடித்து, ஒரு வதந்தியில் ஆயிரம் பேர் வேறு காரியத்துக்கும் வருவார்கள். மகளிடம் இதைச் சொன்னேன். "அதையும் எழுதியிருக்காங்கப்பா" என்றாள். எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள்!

வடகாட்டுக் கடைவீதியில் டீ குடித்தேன். ஃபிளெக்ஸில் விருந்து வைப்பவர்களின் படங்கள் வரிசையாக. கடையில் யாரும் மே மாதத்தைப் பற்றிப் பேசத் தயாராக இல்லை. நானும் வற்புறுத்தவில்லை.

ஆறாம் நாள், தெற்குத்தெரு

பஸ் ராத்திரிதான். காலையில் சித்தப்பாவிடம் பென்சில் வட்டத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தார். "நம்ம கிணறு அவர் வெட்டுனதுதான். போய்ச் சேர்ந்து ரொம்ப வருசமாச்சு. மக இருக்கு, அங்கன்வாடில வேலை. இருபத்தோரு ரூவாய்க்காடா போற?"

இங்கே பிறந்து பதினேழு வயதுவரை வளர்ந்தவன் நான். தெற்குத்தெருவுக்குள் போவது இதுதான் முதல் தடவை. வெளியூர்க்காரன் மாதிரி ரெண்டு இடத்தில் வழி கேட்டேன்.

சிமெண்ட் வீடு, வாசலில் முருங்கை. அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இன்னார் மகன் என்றதும் நாற்காலி எடுத்துப் போட்டார். விசயத்தைச் சொல்லி நோட்டைக் காட்டினேன். இருபத்தொன்றோடு ஏதாவது சேர்த்துக் கொடுக்கலாம் என்று ஐநூறு ரூபாய்த் தாளை மடித்துக் கையிலேயே வைத்திருந்தேன்.

"இருங்க சார்" என்று உள்ளே போனார். பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டு, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது.

"எங்க அண்ணன் கல்யாணம், 93ல. எட்டாவது படிச்சிட்டிருந்தேன், நான்தான் மொய் எழுதுனேன்." விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். அப்பாவின் பெயர், இனிஷியலோடு, ஊரோடு. ரூ. 51. அதற்கு எதிரே உருண்டை எழுத்தில்: 'காசு மட்டும்.'

"அப்படின்னா?"

"ஆள் வரலைன்னா அப்படி எழுதச் சொல்வாரு எங்கப்பா. உங்க வீட்டுப் பண்ணையாள் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு."

அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பதினோரு இடத்தில் 'காசு மட்டும்'. பதினொன்றும் எங்கள் தெரு. சித்தப்பா பெயர் இருந்தது. நாலு நாள் முன்னால் நான் ஆறாயிரம் எழுதிய மாமாவின் தகப்பனார் பெயர் இருந்தது. அப்பா இந்த 51ஐத் தன் நோட்டில் ஏன் ஏற்றவில்லை? பிழையில்லாத நோட்டு என்று இத்தனை நாளாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பார்ப்பவர்கள் கண்ணில் படக்கூடாது என்று விட்டிருப்பார் என்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

"அப்ப நாங்கதான் உங்களுக்குச் செய்யணும்" என்றார் அந்த அம்மா. "முப்பது ரூவா."

ஐநூறு ரூபாய்த் தாள் கைக்குள் நனைந்துவிட்டது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் அப்பாவின் பெயரைக் கேட்டேன். சொன்னார். 'கிணறு வெட்டுறவர்' என்பதற்கு மேலே எழுதினேன். இனிஷியல் என்ன என்று கேட்டு அதையும் சேர்த்தேன். எதிர்ப்பக்கத்தில் 51 என்று போட்டு, பக்கத்தில் 'காசு மட்டும்' என்று அவர் எழுதியதைப் பார்த்து அப்படியே எழுதினேன்.

"உங்க வீட்டுல அடுத்து என்ன விசேஷம்?"

"பொண்ணு எம்.ஏ. முடிக்கப் போறா. கல்யாணம் பார்க்கணும்."

"பத்திரிகை வைப்பீங்களா?"

"வைப்பேன்."

"மண்டபத்துக்கா சார், இல்ல ஜி.பே. நம்பர் மட்டுமா?" கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கு உடனே சிரிக்க வரவில்லை.

"மண்டபத்துக்குத்தாம்மா."

"அப்ப சாப்பிட்டுட்டுத்தான் எழுதுவேன்" என்றார்.